வாங்கிய விண்டோஸுக்கு மறுபடியும் ஏன் பணம்?

விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதன் பிறகு வீடுகளிலும் கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் பழைய கணினியை ஃபார்மட் செய்து புதிதாக ஓ.எஸ். போடும் வேலை கூடியிருக்கிறது. போடும்போது நடுவில் ஒரு திரை வந்து, 25 எழுத்து புராடக்ட் கீயைக் கேட்கிறது. அந்தத் திரையைக் கண்டு மிரண்டுதான் பலரும் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய ஒன்றுக்கு இரண்டாம் முறை பணம் கட்டுகிறார்கள். இல்லையென்றால் திருட்டு மென்பொருளின் பக்கம் தள்ளப்படுகிறார்கள். பெரும்பாலான சமயங்களில் இரண்டுக்குமே அவசியமில்லை.

சர்வீஸ் கடையில் நடக்கும் பேச்சு ஊருக்கு ஊர் ஒன்றுதான். “கீ கேக்குது சார். ஒரிஜினல் போடணும்னா பல ஆயிரம் ஆகும். இல்லேன்னா ஐந்நூறு குடுங்க, நானே ஆக்டிவேட் பண்ணித் தந்துடறேன்” என்பார் கடைத் தம்பி. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. அவர் பழகிய தொழில் அப்படி. வந்து குவியும் மடிக்கணினிகளில் எதில் எந்த உரிமம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. ஒரே பென்டிரைவை வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே விண்டோஸைப் போட்டு, மேலே ஒரு கிராக்கையும் ஓட்டிவிட்டால் வேலை முடிந்தது.

வாடிக்கையாளருக்கோ தன்னிடம் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. விண்டோஸோடு வந்த மடிக்கணினியின் விலைக்குள் அதன் உரிமத்துக்கான பணமும் அடக்கம். ஆனால், பில்லில் மாடல் எண் இருக்கும், சீரியல் எண் இருக்கும், வாரன்டி இருக்கும். எந்தப் பதிப்பு விண்டோஸ், எந்த வகை உரிமம் என்ற ஒரு வரி மட்டும் இருக்காது. தன்னுடையது என்று தெரியாத பொருளை உரியவரிடமே மறுபடியும் விற்றுவிட முடிகிறது.

கீ எங்கே இருக்கிறது?

2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் பிராண்டட் கணினிகளில் கீயைக் காகிதத்தில் தருவதில்லை. தொழிற்சாலையிலேயே மதர்போர்டின் பயாஸ் சிப்பில் எழுதிவிடுகிறார்கள். ஹார்டு டிஸ்க்கை மொத்தமாக அழித்தாலும், அதைக் கழற்றிவிட்டுப் புது எஸ்.எஸ்.டி. மாட்டினாலும் கீ அங்கேயே இருக்கும். வந்த பதிப்பையே திரும்ப நிறுவினால் செட்டப் தானாகவே அந்தக் கீயை எடுத்துக்கொள்ளும். நம்மிடம் கேட்கக்கூடச் செய்யாது. இன்டர்நெட் கிடைத்த சில நிமிடங்களில் ஆக்டிவேட் ஆகிவிடும்.

விண்டோஸ் 10-க்கு வாங்கிய உரிமம் அதே பதிப்பின் விண்டோஸ் 11-க்கும் செல்லும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தகுதியுள்ள கணினியில் 11-க்கு மாற ஒரு பைசா தர வேண்டியதில்லை.

விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினிகளின் கதை வேறு. அவற்றின் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வருடக்கணக்கில் சூட்டிலும் மடியிலும் தேய்ந்து எழுத்துகள் பாதி அழிந்திருக்கும். கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் வழி. அப்போது ஒரு தகவல் உதவும். இந்தக் கீகளில் ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் வருவதில்லை. எல், எஸ், இசட் ஆகிய எழுத்துகளும் 0, 1, 5 ஆகிய எண்களும் கிடையாது. ஆகவே, வட்டமாகத் தெரிவது பூஜ்யமாகவோ ஓ-வாகவோ இருக்க முடியாது; அது டி அல்லது கியூ. வளைந்து தெரிவது 5 அல்ல, எஸ்ஸும் அல்ல. ஜி-யா 6-ஆ என்பதுபோன்ற குழப்பம் மிஞ்சும்; இரண்டையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஆனால், அந்த ஸ்டிக்கரின் பயன் இப்போது குறைவு. விண்டோஸ் 7, 8 கீகளைக் கொண்டு 10-க்கு இலவசமாக மாறும் சலுகை 2016 ஜூலை 29-ல் முடிந்தது. முடிந்த பிறகும் பழைய கீயைப் போட்டால் ஏற்றுக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கதவையும் 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது. “போன வருஷம் வேலை செஞ்ச கீ இப்ப ஏன் செய்யல?” என்று அப்போது பல கடைகளில் தலையைச் சொறிந்தது இதனால்தான்.

முன்பே 10-க்கு மாறிவிட்ட கணினிகளுக்குக் கவலையில்லை. அவற்றின் வன்பொருள் அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கிறது. டிஜிட்டல் உரிமம் என்பது இதைத்தான். கீ கேட்கும் பெட்டிக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘என்னிடம் புராடக்ட் கீ இல்லை’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி இருக்கும். அதை அழுத்தலாம். பலரும் அதைத் திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்வதுபோல நினைத்துத் தொடாமல் விடுகிறார்கள். மறுநிறுவல் செய்பவர்களுக்காகவே வைத்த பொத்தான் அது.

கீயே இல்லாத கணினிகளும் உண்டு. சில ஆயிரம் ரூபாய் குறைவு என்று ஃப்ரீடாஸ் அல்லது உபுண்டுவோடு விற்கப்படும் மடிக்கணினியை வாங்குவோம். கடைக்காரரே ‘ஃப்ரீயா’ விண்டோஸ் போட்டுக் கொடுத்திருப்பார். முதல் முறை ஃபார்மட் செய்யும்போதுதான் அது கிராக் என்பது வெளியே வரும். இந்த வகையில் மதர்போர்டில் தேடிப் பயனில்லை.

ஹோமுக்குப் பதில் புரோ

எனக்குத் தெரிந்தவரை, ‘கீ வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் மிகச் சாதாரணமான காரணம் இதுதான். இந்தியாவில் விற்கும் வீட்டுப் பயன்பாட்டு மடிக்கணினிகளில் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்ற பதிப்பு பரவலாக வருகிறது. கடைத் தம்பியின் பென்டிரைவில் இருப்பதோ ‘புரோ’. போர்டில் இருக்கும் ஹோம் கீ புரோவுக்குப் பொருந்தாது. விண்டோஸ் உடனே கையை விரித்துவிடும். உரிமம் பத்திரமாக இருக்கிறது, நாம்தான் தவறான பதிப்பைப் போட்டிருக்கிறோம் என்று திரை சொல்லாது. கடைக்குப் போய் வாங்கு என்றுதான் சொல்லும்.

புரோ போட்ட பிறகு ஹோம் கீயைத் தட்டி இறக்க வழி கிடையாது. சரியான பதிப்பை மறுபடியும் நிறுவ வேண்டியதுதான். ஒரு மணி நேர வேலை, ஆனால் செலவில்லாத வேலை. எந்தப் பதிப்பு என்பதை ஃபார்மட்டுக்கு முன்பே பார்த்துவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் மிச்சம். செட்டிங்ஸில் உள்ள ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போனால் பதிப்பின் பெயரும் உரிமத்தின் நிலையும் தெரியும். அந்தத் திரையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஹோமோடு வந்த கணினிக்குத் தனியாகப் பணம் கட்டிப் புரோ வாங்கியிருப்போம். திரும்ப நிறுவும்போது செட்டப் நம்மைக் கேட்காமலே போர்டிலுள்ள ஹோம் கீயை எடுத்து ஹோமைப் போட்டுவிடும். பதற வேண்டாம். நிறுவி முடிந்ததும் அதே ஆக்டிவேஷன் பக்கத்தில் புரோ கீயைக் கொடுத்தால் மேலே ஏறிவிடும்.

இன்னொரு விசித்திரம், நாம் எந்தக் கீயும் தட்டாமலே ‘நீங்கள் கொடுத்த கீ எந்த விண்டோஸ் படிமத்துக்கும் பொருந்தவில்லை’ என்று செட்டப் பாதியில் நின்றுவிடுவது. போர்டிலுள்ள பதிப்பு அந்தப் பென்டிரைவில் இல்லை என்று அர்த்தம். யாரோ கொடுத்த பென்டிரைவை ஓரமாக வைத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே மீடியா கிரியேஷன் டூலை இறக்கி 8 ஜி.பி. பென்டிரைவில் புதிதாகச் செய்துகொண்டால் தீர்ந்துவிடும்.

பதிப்பு சரியாக இருந்தும் ஆக்டிவேட் ஆகவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள். பழைய மதர்போர்டில் நாணயம்போல் இருக்கும் சிமாஸ் பேட்டரி செத்துப் போயிருந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதி தவறான கணினியால் ஆக்டிவேஷன் சர்வரோடு பாதுகாப்பான தொடர்பே ஏற்படுத்த முடியாது. சி.ஆர்.2032 என்று கேட்டால் வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். புதிதாகப் போட்ட விண்டோஸில் வைஃபை டிரைவர் இல்லாமல் இன்டர்நெட் வராது நிற்பதும் வழக்கம். கைபேசியை யு.எஸ்.பி. கேபிளில் செருகி டெதரிங் கொடுத்தால் அந்தத் தடையும் விலகும்.

தவறு அவர்கள் பக்கமும் இருக்கலாம். 2018 நவம்பர் 8 அன்று மைக்ரோசாஃப்டின் ஆக்டிவேஷன் சர்வரில் ஏற்பட்ட கோளாறால், உலகின் பல பகுதிகளில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் 10 புரோ கணினிகள் ‘உங்களிடம் இருப்பது ஹோம் உரிமம்தான்’ என்று சொல்லத் தொடங்கின. பிறகு நிறுவனமே சரிசெய்தது. அன்றைக்கு அவசரப்பட்டுப் புதுக் கீ வாங்கியவருக்குப் பணம் நஷ்டம்.

அவசரப்படவும் தேவையில்லை. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸில் திரையின் வலது கீழ்மூலையில் ஒரு வாசகம் தெரியும். வால்பேப்பர், நிறம் போன்ற அலங்காரங்களை மாற்ற விடாது. கோப்புகள் எங்கும் போய்விடாது, பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் நிற்காது. கடைக் கவுன்ட்டரில் நின்றபடி அங்கேயே முடிவெடுக்கும் கட்டாயம் எதுவும் இல்லை.

மதர்போர்டு மாறினால்

கணினியோடு வந்த ஓ.இ.எம். உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது. போர்டு போனால் உரிமமும் போகும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நனைந்த மடிக்கணினிகளுக்குப் போர்டு மாற்றியவர்கள் பலர் இதை அனுபவித்திருப்பார்கள். தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் மாற்றினால், புதுப் போர்டிலும் விண்டோஸ் கீயை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்; அந்த வசதி அவர்களிடம் உண்டு. கேட்காவிட்டால் மறந்துவிடுவதும் உண்டு. வெளிக் கடையில் பழைய போர்டு போட்டால் அதில் என்ன கீ இருக்கும், இருக்குமா என்பது அதிர்ஷ்டம்.

தனியாகப் பெட்டியிலோ இணையத்திலோ வாங்கிய ரீட்டெயில் உரிமத்துக்கு இந்தக் கட்டு இல்லை. ஒரு கணினியிலிருந்து நீக்கி இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம். அசெம்பிள் செய்த கணினி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய ஒரே காரியம், உரிமத்தைத் தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்கூட்டியே இணைத்துவிடுவது. பிறகு போர்டு மாறி, எஃப்211 என்று முடியும் பிழை எண் வந்தால், ஆக்டிவேஷன் பக்கத்திலுள்ள டிரபிள்ஷூட்டரில் ‘சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்து, பழைய கணினியின் பெயரைக் காட்டி மீட்கலாம்.

அலுவலகத்து விண்டோஸ்

பிழை எண் எஃப்074 என்று முடிந்தால் கதையே வேறு. பெரிய நிறுவனங்களும் கல்லூரிகளும் கீயை ஒவ்வொரு கணினியிலும் தட்டுவதில்லை. தங்கள் வளாகத்துக்குள்ளேயே கே.எம்.எஸ். என்ற சர்வரை வைத்துக்கொள்கின்றன. அங்குள்ள கணினிகள் 180 நாளுக்குள் ஒருமுறையாவது அந்தச் சர்வரைத் தொட்டு உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் கணினிகள் குறைந்தது 25 இருந்தால்தான் அந்தச் சர்வரே இயங்கும். எஃப்074 என்றால் ‘அந்தச் சர்வரைக் காணவில்லை’ என்று பொருள். வீட்டில் தனியாக இருக்கும் ஒற்றைக் கணினி அப்படியொரு சர்வரை ஏன் தேட வேண்டும்? யாரோ அலுவலகப் பதிப்பைப் போட்டிருக்கிறார்கள், அல்லது கிராக் ஓடியிருக்கிறது.

செகண்ட்ஹேண்ட் மடிக்கணினி வாங்குவோர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இங்கே இருக்கிறது. ஐ.டி. நிறுவனங்கள் கழித்துவிடும் மடிக்கணினிகள் சென்னை ரிச்சி தெரு முதல் சிறு நகரக் கடைகள்வரை வருகின்றன. உறுதியான சாமான்கள், போர்டிலேயே புரோ கீயும் இருக்கும். வாங்கலாம். ஆனால் சிலவற்றில் புதிதாக விண்டோஸ் போட்டு இன்டர்நெட் கொடுத்ததும், பழைய நிறுவனத்தின் பெயரோடு ஒரு திரை வந்து அந்த அலுவலக மின்னஞ்சலைக் கேட்கும். நிறுவனம் அந்தக் கணினியைத் தன் ஆட்டோபைலட் பட்டியலிலிருந்து நீக்காமல் விற்றுவிட்டது என்று அர்த்தம். இதைத் தீர்க்க எந்தக் கீயாலும் முடியாது. நீக்க வேண்டியவர் பழைய உரிமையாளர். கடையில் பணம் கொடுக்கும் முன்பு, கண்ணெதிரில் ரீசெட் செய்து வைஃபையில் இணைத்துக் காட்டச் சொல்வது ஒன்றே பாதுகாப்பு.

சில நூறு ரூபாய் கீ

அமெரிக்காவில் விண்டோஸ் 11 ஹோமின் விலை 139 டாலர். புரோ 199 டாலர். இணையத்தில் அதே புரோ சில நூறு ரூபாய்க்கு ‘லைஃப்டைம்’ என்று விற்கிறது. பெருநிறுவனங்களின் வால்யூம் ஒப்பந்தத்திலிருந்து கசிந்தவை, காயலான் கடைக்குப் போன கணினிகளிலிருந்து எடுத்தவை, ஒரே கீயைப் பலருக்கு விற்றவை என்று அவற்றின் பூர்விகம் பலவகை. வாங்கிய அன்று வேலை செய்யும். எண்ணிக்கை வரம்பு தாண்டியிருந்தால் சி008 என்று முடியும் பிழை வரும். கீயையே மைக்ரோசாஃப்ட் முடக்கிவிட்டால் சி003 வரும். அப்போது விற்றவரின் கடைப் பக்கம் காணாமல் போயிருக்கும்.

இது புதிய நோய் அல்ல. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி கடைக்கு வரும் முன்பே, பெருநிறுவனங்களுக்கான அதன் ஒரு கீ வெளியே கசிந்து, உலகமெங்கும் சி.டி. உறைகளில் பேனாவால் எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த சர்வீஸ் பேக்கில் அந்தக் கீ தடுக்கப்பட்டது.

கிராக் இன்னும் மோசம். ஓட்டும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடச் சொல்லும். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கச் சொல்வதுபோலத்தான். கே.எம்.எஸ்.பிகோ என்ற பிரபலமான கிராக்கின் பெயரில் உலவிய போலிக் கோப்புகள் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரலைச் சேர்த்தே நிறுவியதை, 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பையையும் குறிவைக்கும் நிரல் அது. மளிகைக் கடைக் கணினியில் இன்றைக்கு நெட் பேங்கிங் இருக்கிறது, ஜி.எஸ்.டி. கணக்கு இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்க்கு அவற்றைப் பணயம் வைக்கலாமா?

சட்டமும் கடுமையானது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. வியாபார நோக்கமில்லாத பயன்பாட்டுக்குச் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமிருக்கிறது. வியாபாரம் செய்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

கீயைவிடப் பெரிய இழப்பு

விண்டோஸ் கீ போனால் பணத்தோடு போகும். இன்னொரு கீ இருக்கிறது. அது போனால் குழந்தையின் பிறந்தநாள் படங்களும் பத்து வருடக் கணக்கும் போகும். இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. பயாஸ் புதுப்பித்தாலோ போர்டு மாற்றினாலோ நீல நிறத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். பலரும் அதைப் புராடக்ட் கீ என்று நினைத்து, பெட்டிக்குள்ளும் பில்லுக்குள்ளும் தேடுகிறார்கள். அது அங்கே இருக்காது. கணக்கில் நுழைந்தால் இணையத்தில் இருக்கும். அந்தக் கணக்கு எது என்பதே மறந்திருந்தால் டிஸ்க்கில் உள்ளதை யாராலும் மீட்டுத் தர முடியாது, விண்டோஸைத் தயாரித்தவர்களாலும்கூட.

கணக்கு மறந்துபோவது எப்படி என்கிறீர்களா? மடிக்கணினி வாங்கிய அன்று, “ஒரு மெயில் ஐடி வேணும் சார், நானே கிரியேட் பண்ணிடறேன்” என்று விற்பனையாளர் வாயில் வந்த பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கிவிடுவார். இலவசமாக வந்த எம்.எஸ். ஆஃபீஸையும் அதிலேயே இணைத்துவிடுவார். மூன்று வருடம் கழித்து ஃபார்மட் செய்யும்போது, ஆஃபீஸ் கீயைத் தேடினால் கிடைக்காது. ஏனென்றால் அது அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கடவுச்சொல் தெரிந்த ஒரே மனிதர் அந்தக் கடையை விட்டே போயிருப்பார்.

இனி என்ன செய்யலாம்?

முதலில், ஃபார்மட்டே தேவைதானா என்று கேளுங்கள். கணினி மெதுவானதற்கோ வைரஸுக்கோ செட்டிங்ஸில் உள்ள ‘ரீசெட்’ வசதி பெரும்பாலும் போதும். உரிமத்தை அது தொடுவதில்லை, கீயும் கேட்காது. ஃபார்மட் செய்தே ஆக வேண்டுமென்றால் கடைக்குக் கொடுக்கும் முன் ஆக்டிவேஷன் பக்கத்தைப் படமெடுங்கள், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று ஒருமுறை நுழைந்து பாருங்கள், ரெக்கவரி கீயை நோட்டில் எழுதி வையுங்கள். கடையில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: “என்ன எடிஷன் இருந்துச்சோ அதையே போடுங்க தம்பி, கிராக் வேண்டாம்.”

விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிக்குப் புதுக் கீ வாங்குவது வீண். தடையாக இருப்பது வன்பொருள்தான். டி.பி.எம். 2.0 சிப்பும் ஓரளவு புதிய பிராசஸரும் அதற்குக் கட்டாயம். அவற்றை ஏமாற்றி 11 போட்டுத் தரும் கடைகள் இருக்கின்றன. பின்னால் புதுப்பிப்பு வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விண்டோஸ் 10-லேயே இருப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாக நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும். செட்டிங்ஸை கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.

இணையம் பார்க்கவும் கடிதம் தட்டவும் மட்டுமே கணினி என்றால் லினக்ஸ் போதும். கேரள அரசுப் பள்ளிகள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஓ.எஸ்.ஸில்தான் ஆண்டாண்டாகப் பாடம் நடத்துகின்றன. கீ என்ற பேச்சே அங்கு எழாது. ஆனால், டேலியில் கணக்கெழுதும் கடைக்காரருக்கும், பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை செய்யும் டி.டி.பி. கடைக்கும் ‘லினக்ஸ் போடுங்கள்’ என்று சொல்வது பொறுப்பில்லாத அறிவுரை.

மடிக்கணினி விற்கும் கடைகள் பில்லிலேயே விண்டோஸின் பதிப்பு, உரிம வகை, ஆஃபீஸ் இணைக்கப்பட்ட மின்னஞ்சல் மூன்றையும் எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புத் துறை நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடியும் காரியம். மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் அரசும், கொடுக்கும்போதே ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பில் இந்த விவரங்களை ஒட்டித் தரலாம். விழா மேடையில் வாங்கும் மாணவர் அடுத்த வருடம் ரீசெட் செய்யும்போது கடைக்கு ஓட வேண்டியிருக்காது.

இணையச் சந்தையில் வாங்கிய கீ முடங்கினால் சும்மா இருந்துவிட வேண்டாம். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கிராக் போட்ட பிறகு வங்கிக் கணக்கில் பணம் போனால் சைபர் குற்ற உதவி எண் 1930.

கடைசியாக மைக்ரோசாஃப்டிடம் ஒரு கோரிக்கை. சாமானியருக்கு எஃப்074 என்றும் சி003 என்றும் எண்ணைக் காட்டி ஸ்டோருக்கு அனுப்புவதை நிறுத்தலாம். ‘இந்தக் கணினிக்கு ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் உரிமம் இருக்கிறது, நீங்கள் புரோ நிறுவியிருக்கிறீர்கள். ஹோமை நிறுவினால் பணம் கட்டத் தேவையில்லை’ என்று தமிழிலேயே அந்தத் திரை சொல்லட்டும். இதற்காகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. போர்டில் என்ன கீ இருக்கிறது, எந்தப் பதிப்பு ஓடுகிறது என்ற இரண்டு தகவலும் அந்த நிமிடத்தில் விண்டோஸின் கையிலேயே இருக்கின்றன.